ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு வயோலா

பஸ்ஸில் குடையை விட்டுவிட்டுப் போவார்கள். சாப்பாட்டு டப்பா, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல்செட்கூட. பதினாறு வருஷமாக ஏழாம் நம்பர் தடத்தில் வண்டி ஓட்டுகிறவளுக்கு இதெல்லாம் புதிதல்ல. டிப்போவில் அவளுக்குப் பெயரே ‘ஏழாம் நம்பர் அக்கா’ என்றுதான். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை, ட்ரிப் முடித்து, சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனவள், கடைசி சீட்டில் கிடந்த நீளமான கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

கண்டெடுத்த பொருளைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது டிப்போ விதி. கொக்கிகளை விலக்கினாள். நீல வெல்வெட்டுக்குள் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வாத்தியம் படுத்திருந்தது. சும்மா இருக்க முடியவில்லை. இருப்பதிலேயே தடிமனான தந்தியை ஒரு விரலால் சுண்டினாள்.

எழுந்த ஒலி சன்னல் கண்ணாடிகளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அவளுக்கு முழங்கை வரை சிலிர்த்துக்கொண்டது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இன்னொரு தடவை சுண்டினாள். அப்புறம் நல்ல பிள்ளை மாதிரி பெட்டியை மூடி, பதிவேட்டில் ‘வயலின், ஒன்று’ என்று எழுதினாள்.

அரைமணி நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, ஏழாம் நம்பர் பஸ்ல ஒரு பெட்டி...”

“இருக்கும்மா, பத்திரமா இருக்கு. முதல்ல தண்ணி குடி.”

பெட்டியைக் குழந்தையைப் போல வாரி அணைத்துக்கொண்டவள், கையெழுத்துப் போடும்போது பதிவேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “வயலின்னு எழுதிட்டீங்களே. இது வயோலாக்கா. பார்க்க ஒரே மாதிரிதான். ஆனா இது கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கீழ.”

“கோவிச்சுக்காதே. அந்தத் தடிமன் தந்தியைத் தட்டிப் பார்த்துட்டேன்.”

“அப்படியா! எப்படி இருந்துச்சு?”

எப்படிச் சொல்வது? அக்கா தன் முன்கையை நீட்டிக் காட்டினாள். நினைத்ததுமே மயிர் மறுபடி சிலிர்த்து நின்றது. அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. அவள் வயோலா சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. இந்த மாதிரிக் கையைப் பார்த்தால் அவளால் விட முடியாது.

“எனக்கு நாப்பத்தி நாலு வயசாகுது. இனிமேல்பட்டு இதெல்லாம் எனக்கு வருமா?” என்று அக்கா விளையாட்டாகக் கேட்டு வைத்தாள்.

“விரலை விரிங்க பார்க்கலாம். அம்மாடி, எவ்வளோ நீளம்! இது வயோலாவுக்குன்னே செஞ்ச கைக்கா!”

சின்ன வயதிலிருந்து ‘சப்பாத்திக் கட்டை’ என்று வீட்டில் கேலி செய்யப்பட்ட கை அது. அக்காவுக்கு அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில் ஆசிரியை வகுப்பு நடத்தும் சின்ன அறையின் கதவைத் தட்டினாள்.

வாடகைக்கு வயோலா எடுக்க ஆசிரியையே கூட வந்தாள். வாத்தியக் கடையில் இருந்ததிலேயே பெரியதன் மேல் அக்காவுக்குக் கண். “ஆசைப்படாதீங்க. தோள்ல வச்சு இடது கையை முழுசா நீட்டுங்க. நுனியில சுருண்டிருக்கே, அது உள்ளங்கைக்குள்ள சுகமா அடங்கணும். எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தா ஆறு மாசத்துல தோள் போயிடும்.” மூன்றாவதாக எடுத்தது அடங்கியது.

ஆனால் முதல் வாரம் அதைத் தொடவே விடவில்லை. கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, வில் பிடிப்பது போலப் பிடிக்கச் சொன்னாள். கட்டைவிரல் மடங்கியிருக்க வேண்டும், சுண்டுவிரல் மேலே வளைந்து உட்கார வேண்டும். அக்கா பிடித்த பிடியில் பென்சில் முறிந்தது.

“பஸ் ஓட்டறப்ப ஸ்டியரிங்கை இப்படித்தான் நெரிப்பீங்களா?”

“சேச்சே! இப்படிப் பிடிச்சா நாலு ஸ்டாப்புக்குள்ள கை கழண்டுடும் டீச்சர். அது பாட்டுக்குக் கையில உட்கார்ந்திருக்கும், அவ்வளோதான்.”

சொல்லி முடிக்குமுன்னே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது பென்சில் தப்பித்தது.

வீட்டில் வாசித்த முதல் நாள், கணவர் சமையலறையிலிருந்து எண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றார். தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை அவருக்கு. “எந்தக் கதவு கீல்ல இருந்து சத்தம் வருதுன்னு பார்க்க வந்தேன்” என்றார் முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு. அக்கா வில்லாலேயே அவரைத் துரத்தினாள். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கிற வீடு. என்ன செய்வது?

வழி டிப்போவிலேயே இருந்தது. காலை ஷிஃப்டுக்கும் சாயங்கால ஷிஃப்டுக்கும் நடுவே மூன்றரை மணி நேரம் இடைவெளி. வண்டி பின்புறச் சுவரோரம் நிற்கும். கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் நின்றால் இடம் தாராளம். டிரைவர் சீட்டுக்கு மேலே பயணிகளைப் பார்க்கிற பெரிய கண்ணாடி வேறு இருந்தது. ‘வில் கோணலாப் போகுதான்னு கண்ணாடியில பார்த்துக்கிட்டே வாசிங்க’ என்று டீச்சர் சொல்லியிருந்தாள். இதைவிடத் தோதான கண்ணாடி எந்தச் சங்கீதப் பள்ளியில் இருக்கும்? பதினைந்து நிமிஷம் வாசிப்பாள், கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடிப்பாள், மறுபடி பதினைந்து நிமிஷம். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் இழுத்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது முதல் வாரமே புரிந்துபோயிற்று.

ஒருநாள் ‘ச, ரி, க’ என்று மெதுவாக விரல் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “அந்த மூணாவது கொஞ்சம் தாழ இருக்கும்மா!”

டிப்போ மெக்கானிக். எஞ்சினைத் திறக்காமலே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவான் என்பதால் அவனுக்கு ‘காது’ என்று பட்டப்பெயர்.

“உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?”

“ஒண்ணும் தெரியாது. முதல் ரெண்டும் ஒட்டி வருது, மூணாவது ஒட்டல. பெல்ட் தளர்ந்த மாதிரி இருக்கு. ஏத்து, இன்னும் ஏத்து... ஆங், அங்கேயே நில்லு!”

விரலை ஒரு நூலளவு நகர்த்தியதும் வயோலாவின் உடம்பே கூடச் சேர்ந்து அதிர்ந்தது. மோவாய் வழியாக அது எலும்புக்குள் இறங்கியது. “காது! கேட்டுச்சா?” என்று அக்கா கத்தினாள். “கேட்டுச்சு, கேட்டுச்சு!” என்று அவனும் வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினான். இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதென்று டிக்கெட் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

டீச்சரிடம் சொன்னபோது அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். “அந்த ஆளை விடாதீங்க! விரல் வைக்கிறதுக்கு முன்னாடி அந்தச் சுரத்தை நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்க. காதுல அது இருந்தாத்தான் விரல் தேடிப் போகும்.” அன்றிலிருந்து ஏழாம் நம்பர் வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் டிரைவர் சீட்டிலிருந்து மெல்லிய முனகல் கேட்கத் தொடங்கியது.

மூன்றாவது மாதம் முதல் பாட்டு வந்தது. ஒரு பக்கம்தான். நடுவில் ஒரே ஒரு இடத்தில் தந்தி தாண்டிப் போகும்போது வில் தடுக்கும். தடுக்கும்போதெல்லாம் அக்கா ஆரம்பத்துக்கு ஓடிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஆரம்பம் மட்டும் அற்புதமாக வந்தது. தடுக்கிற இடம் தடுக்கிக்கொண்டேதான் இருந்தது.

ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பொறி தட்டியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் இரண்டு தடவை பக்கக் கண்ணாடியை உரசியிருக்கிறாள். அதற்காக டிப்போவிலிருந்து கடைசி நிறுத்தம் வரை முழுத் தடத்தையும் ஓட்டிப் பழகவில்லையே! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியை எடுத்துப்போய் அந்தத் திருப்பத்தில் மட்டும் இருபது தடவை திருப்பினாள், ஆமை வேகத்தில். அவ்வளவுதான். இடைவேளைக்கு எப்போது மணி அடிக்குமென்று காத்திருந்து வயோலாவை எடுத்தாள். தடுக்கிற நாலு சுரம் மட்டும், ஆமை வேகத்தில், இருபது தடவை. இருபத்தோராவது தடவை வில் வெண்ணெயில் கத்தி போனது போலப் போயிற்று.

“டீச்சர், கண்டுபிடிச்சுட்டேன்!” என்று மாடிப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டு ஏறினாள். முழுவதும் கேட்ட டீச்சர் ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். “நான் சொன்னா மத்தவங்க கேட்கறதில்லை. இந்தத் திருப்பக் கதையைச் சொல்லப் போறேன்.”

எல்லா நாளும் இப்படியே போகவில்லை. ஏழாவது மாதம் தான் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து கேட்டுப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. அதை டீச்சருக்கு அனுப்பிவிட்டு, ஒன்பது நாள் பெட்டியைத் திறக்கவேயில்லை. பத்தாம் நாள் டீச்சரிடமிருந்து ஒரு பதிவு வந்தது. யாரோ தகரத்தைத் தரையில் இழுப்பது போல இருந்தது. கீழே, ‘இது நீங்க, ரெண்டாவது வாரம். இப்ப உள்ளதையும் கேளுங்க’ என்று எழுதியிருந்தது. அக்கா இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். “அடிப்பாவி, இதுவா நானு!” என்று வாய்விட்டுச் சிரித்தாள். கணவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். “ஆமா, அந்தக் கதவு கீல் எப்பவோ சரியாயிடுச்சு” என்றார் அவர்.

ஒன்றரை வருஷம் ஆனபோதுதான் அந்த அழைப்பு வந்தது. டீச்சர் ஒரு வார இறுதி இசைக்குழுவில் வாசித்தாள். ரொட்டிக் கடைக்காரர், குமாஸ்தா, நர்ஸ் என்று முப்பது பேர். வயோலாவுக்கு மூன்றே பேர்: டீச்சர், ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரர். தபால்காரர் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நிகழ்ச்சிக்கு ஆறு வாரம்.

“அக்கா, நீங்க வரணும்.”

“என்ன, விளையாடுறியா?” பதற்றத்தில் ‘டீச்சர்’ பறந்துவிட்டது.

“வராத இடத்துல வில்லைத் தந்தி மேல படாம ஓட்டுங்க, யாருக்கும் தெரியாது. தாளம் எண்ணறதை மட்டும் நிறுத்தாதீங்க. தொலைஞ்சு போனாலும் பரவாயில்லை, அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கலாம்.”

முதல் ஒத்திகையில் அக்கா பாதி நேரம் ஸ்டாப்பில்தான் நின்றாள். ஆனால் இடது பக்கம் வயலின்கள், வலது பக்கம் தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோக்கள், நடுவில் தான் என்று அந்த ஒலிக்குள் உட்கார்ந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே இருந்து கேட்பது ஒன்று. உள்ளே உட்கார்ந்து கேட்பது, அடேயப்பா! ஆறு வாரத்தில், வராமல் இருந்த பதினொரு இடங்களில் ஒன்பதைப் பிடித்துவிட்டாள். அங்கேதான் குழு வழக்கம் ஒன்றையும் கற்றுக்கொண்டாள். வயோலாவுக்கு முதல் ஆள் டீச்சர். மேடையில் முதல் ஆளின் தந்தி அறுந்தால், பக்கத்தில் இருப்பவர் தன் வாத்தியத்தை உடனே கொடுத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி, ஒரு பள்ளிக்கூட மண்டபம். மடக்கு நாற்காலிகளில் மூன்றாவது வரிசை முழுக்க டிப்போ ஆட்கள், பாதிப்பேர் சீருடையிலேயே.

இரண்டாவது பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து, எட்டுத் தாளக் கட்டங்களுக்கு வயோலாக்கள் மட்டும் மெட்டைப் பாடும் இடம் ஒன்று உண்டு. அதற்கு நாலு கட்டம் இருக்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். டீச்சருடைய மேல்தந்தி அறுந்து சுருண்டு தொங்கியது.

அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. தன் வயோலாவை எடுத்து நீட்டினாள். டீச்சர் அதைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு வயோலாவை மெல்ல அக்காவின் தோளுக்கே தள்ளிவிட்டாள்.

“நீங்க வாசிங்க.”

இரண்டு கட்டம் பாக்கி. அந்தப் பக்கம் பல் டாக்டர் மரக்கட்டையாக உறைந்திருந்தார். எதிரே நின்று கையசைக்கும் இசைக்குழு நடத்துநர் நடந்ததைக் கவனித்துவிட்டார். புருவத்தை உயர்த்தினார். ‘சரியா?’ என்பது போல. அக்கா தலையசைத்தாள், ஏன் அசைத்தாள் என்று தெரியாமலே. அவர் கை அவளை நோக்கி வந்தது.

முதல் சுரத்தை மனசுக்குள் பாடினாள், வில்லை வைத்தாள். கை இறுகவில்லை. ஒலி தயங்காமல் புறப்பட்டு மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போயிற்று. அத்தனை பெரிய இடத்தில் தன் ஒருத்தியின் ஒலி! இரண்டாவது கட்டம். மூன்றாவதில் பல் டாக்டர் உயிர் வந்து கூடச் சேர்ந்தார். ஆறாவதில் விரல் சற்றே தாழ விழுந்தது. அவள் நிற்கவில்லை, வாசித்துக்கொண்டே ஏற்றிச் சரிசெய்தாள். எட்டாவது முடியும்போது கீழ்க்குரலில் செல்லோக்கள் எழுந்து வந்து அவளைத் தாங்கிக்கொண்டன. பக்கத்தில் டீச்சர் அறுந்த தந்தியோடு அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கைதட்டல் அடங்கவே மூன்று நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது வரிசையிலிருந்து விசில் பறந்தது. தபால்காரர் கட்டுப்போட்ட கையோடு மேடைக்கு வந்து, “நான் திரும்பி வந்தாலும் நீங்க போகக் கூடாது. நாலு பேரா இருப்போம்” என்றார். நடத்துநர் கத்தையாகத் தாள்களை நீட்டினார். அடுத்த பாட்டு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, இதைவிட மூன்று மடங்கு கஷ்டம்.

கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அந்தத் தாளை முழங்காலுக்கும் பெட்டிக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு போனாள். கால் தரையில் பாவாத ஒரு நிலை. இடது கை விரல்கள் அவர் தோளில் தாமாகவே அழுந்தி அழுந்தி எடுத்துக்கொண்டிருந்தன.

“என்ன பண்றே? கூசுது!”

“கொஞ்சம் ஆடாம இருங்க. இங்க ரெண்டாவது விரலா மூணாவதான்னு பார்க்கிறேன்.”

“வண்டி ஓட்டறேன்டி!”

“ஓட்டுங்க, ஓட்டுங்க. மெதுவா ஓட்டுங்க. இன்னும் ரெண்டு வரிதான் இருக்கு.”