இறங்கித் தள்ளிய தூரம்

மங்கையர்க்கரசி எழுதாத ஒரு வரியை அவர் பெயரில் அச்சிட்டுவிட்டார்கள். ‘வைகைப் பாலத்தில் சைக்கிள் ஓட்டும் பெண்களுக்குக் குறிப்பிடத்தக்க சிரமம் இல்லை’ என்பது அந்த வரி. அவர் இறந்த செய்தி வந்தபோது பழங்காநத்தத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுப் போனேன். பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில், அவர் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த அறிக்கையில் அந்த வரியைப் படித்ததும் எழுந்து வந்துவிட்டேன். அது மரியாதைக் குறைவு என்று அவரோடு வேலை பார்த்த நீங்கள் பேசிக்கொண்டீர்களாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சைக்கிள் ஓட்டும்போது ஒருவருக்கு என்ன நேர்கிறது என்பதை எப்படிக் கேட்டு அறிவது? கல்லூரியில் அரசி செய்த ஆய்வு அதுதான். நான் எட்டாவதோடு நின்றவன். சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். தெருக்கள் தெரியும் என்று கூப்பிட்டுக்கொண்டார். முதலில் அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்புவோம். “படிவத்துல எல்லாரும் நல்ல பிள்ளையாத்தான் பதில் சொல்லுவாங்கண்ணே. கூட ஓட்டிப் பாக்கணும்” என்பார். ஒலிப்பதிவுக் கருவியை ஓட்டுபவர் தோளில் மாட்டிவிட்டு நான் பின்னால் போவேன்.

முத்துப்பேச்சி சிம்மக்கல்லில் வெங்காயம் எடுத்துப் பாலம் கடந்து விற்பவர். படிவத்தில் ‘சிரமம் இல்லை’ என்றார். மறுநாள் கூடவே ஓட்டினேன். பாலத்தின் நடுவில் இறங்கித் தள்ளினார். ஓட்டுவதைப் பதிவு செய்யத்தானே வந்தோம் என்று நான் கிட்டே போய்க் கருவியை நிறுத்திவிட்டேன். அவர் மறுபடி ஏறப்போனபோது ஓடவிட்டேன். என் ஒழுங்கில் எனக்கே பெருமை.

அரசி பதிவைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “எதுக்குண்ணே நிறுத்துனீக?”

“அந்தம்மா ஓட்டலையே. நடந்துச்சு.”

“இறங்கித் தள்ளுறதும் சைக்கிள்தாண்ணே. தபாலை மட்டும் கொடுத்துட்டு வீட்டுல ஆளிருக்கான்னு பாக்காம வந்த ஆளா நீங்க?”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய் முத்துப்பேச்சியோடு மறுபடி ஓட்டினேன். இறங்கிய இடத்திலேயே கேட்டேன்.

“பின்னாடி பஸ்சுக்காரன் ஆரன் அடிச்சா கை நடுங்குது. வெங்காயம் சிந்துனா பொறுக்கிக்கிரலாம். நான் விழுந்தா ஏறிப் போயிருவான்ல?”

“அப்ப அன்னைக்கு ஏன் சிரமமில்லன்னு சொன்னீக?”

“சிரமம்னு சொன்னா, இந்த வயசுல எதுக்கு ஓட்டுற, விட்ருன்னுவீக. விட்டுட்டு எதுல போறது?”

பேசியவருக்கே பதிவைப் போட்டுக்காட்டி, அவர் சம்மதித்த பிறகே எழுத வேண்டும் என்பது அரசியின் கட்டளை. முத்துப்பேச்சி தன் குரலைக் கேட்டுச் சிரித்தார். “இம்புட்டு மோசமாவா பேசுறேன்” என்றவர், “எதையும் எடுத்துராதீக” என்றார்.

பிறகு அரசி படுக்கையில் விழுந்தார். அறிக்கையை முடித்தவர்கள் முதல் நாள் படிவங்களை மட்டும் எண்ணி முடித்துவிட்டார்கள். இரங்கல் கூட்டத்துக்குப் பிறகு கல்லூரிக்குப் போய்க் கேட்டேன்.

“பேச்சை எப்படிங்கய்யா அட்டவணையில போடுறது? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்றார் அங்கிருந்தவர்.

“எட்டாவது. அந்தம்மா பேசுனதைக் கேட்டிருக்கேன். நீங்க கேட்டீகளா?” என்றேன். அவர் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரசி இருந்தவரை மாலைதோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, அன்று நான் போன வழியையெல்லாம் கேட்பார். இப்போதும் ஓட்டுகிறேன். எப்படி இருந்தது என்று கேட்க ஆளில்லை. என்னை இடக்குப் பிடித்தவன் என்று சொல்லிக்கொண்டே நான் சொன்னதைக் குறித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் நினைவாக என்னிடம் இருப்பவை அந்தக் கருவியும், அதிலுள்ள குரல்களும், போட்டுக்காட்டாமல் எழுதாதே என்ற கட்டளையும்.

அந்த வரியை அச்சிட்டவர்கள் நீக்க வேண்டும். நீக்கும்வரை அரசியின் பெயரை அட்டையிலிருந்து கல்லூரி எடுத்துவிட வேண்டும். பதிவுகளை அவரோடு வேலை பார்த்த நீங்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும். கருவியை நானே கொண்டு வருகிறேன். அச்சானதை முத்துப்பேச்சிக்குப் படித்துக்காட்ட வேண்டியவன் நான். அரசி இருந்தால் இருவரும் போயிருப்போம். நாளைக் காலை தனியாகப் போகிறேன்.