கொடி ஏறிய மின்கம்பம்

லைன்மேன் கஸ்தோன் கம்பத்தில் ஏற மாட்டேன் என்று சொன்னபோது, எங்கள் தீவின் தென்கரையில் உள்ள சுயாக் ஊருக்குள் லைன் இழுக்கும் வேலை பாதியில் நின்றது. பெரிய எஞ்சினியர் வருவதற்குள் அங்கே விளக்கு எரிந்தால் எனக்கு ஃபோர்மேன் பதவி நிரந்தரம். எரியாவிட்டால் மோகா ஊர் ஆபீசில் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான்.

வினை என் வாயால் வந்தது. 1950களின் தொடக்கம் அது. கிரியோசோட் எண்ணெயை அழுத்தி ஏற்றிய மரக்கம்பங்கள் கப்பலில் வந்திறங்கின. முருகன் கோயில் வாசலில் ஒன்றை நட்டதும் கோயில் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சே, தம்பி! இந்த நாத்தத்துல சாமி எப்படி இருப்பாரு?"

எங்கள் ஊரில் சண்டையும் கிரியோல் மொழியில்தான். இங்கே தமிழாக்கிச் சொல்வது நான்.

சும்மா இருந்தேனா? கோயில் முற்றத்திலேயே பிரசங்கம் வைத்தேன். "இரும்புக் கம்பம் கடல்காத்துல துருப்பிடிக்கும். இது பிடிக்காது. ஈரத்துல மக்காது. சூறாவளியில வளைஞ்சு கொடுக்கும். முக்கியமா, கரியா வாய் வைக்காது!"

கரையானுக்குக் கிரியோலிலும் கரியா என்றுதான் பெயர். மொழியை மறந்தாலும் கரையானை மறக்காதவர்கள் நாங்கள். கூட்டம் தலையாட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பி இழுப்பதற்குள் காவடித் திருவிழா வந்துவிட்டது. கொடியேற்றக் கயிற்றை இழுத்ததும் கோயில் கொடிமரம் அடியோடு சாய்ந்தது. உள்ளே முழுக்கக் கரையான். கொடி ஏறாமல் விரதம் தொடங்க முடியாது. தலைவர் அழுதேவிட்டார். பிறகு எல்லோரும் திரும்பி, வாசலில் நின்ற என் கம்பத்தைப் பார்த்தார்கள்.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்கள் தயங்கினார். "வாசனைதான் ஒரு மாதிரியா இருக்கு."

"அதுதான் சாமி விசேஷமே! கரியா தொடாது" என்றார் தலைவர், அப்படியே என் குரலில்.

கொடி ஏறியது. மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் ஏறின. திருவிழா முடிந்து கொடி இறங்கியது, மற்றவை இறங்கவில்லை. நாங்கள் கம்பியோடு போய் நின்றோம். கஸ்தோன் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனே, கம்பத்தில் ஏறுவதற்கான முள் வைத்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டான்.

"சாமி மரத்துல பூட்ஸோட ஏற மாட்டேன், ஃபோர்மேன். பூட்ஸ் இல்லாம ஏறவும் முடியாது."

தலைவரிடம் கெஞ்சினேன். அவர் கைகூப்பினார்.

"இதைவிட நல்ல மரம் கிடையாதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

எதிர்ப்பக்கம் குழி வெட்டி, வேறு கம்பம் நட்டு, லைனைத் திருப்பினோம். எஞ்சினியர் வந்தார். விளக்கு எரிந்தது, பதவியும் தப்பியது. மாலை போட்ட கம்பத்தைக் காட்டி, "இதில் ஏன் கம்பி இல்லை?" என்று கேட்டார்.

"உபரி, சார்" என்றேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரக்கைப் புகழும்போது அதன் குறை ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். பெருமையை மட்டும் சொன்னால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள்.

சுயாக்கில் நான் நட்ட கம்பங்களில் இன்றுவரை கம்பி ஏறாதது அது ஒன்றுதான். நாற்றம் எப்போதோ போய்விட்டதாம். கரியா மட்டும் இன்னும் தொடவில்லை.