வேலி வாசலில் ஒரு போத்தல்

காலை ஆறரை மணி. ரப்பர் தோட்டத்து முள்வேலி வாசலில் காவலர் என் பையிலிருந்த போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மலாயா அவசரகாலம்; காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதுவும் போகாதபடி சோதனை.

கிருமித்தொற்றால் குறைப்பிரசவம் வருகிறதா என்று ஆராய்ந்த மருத்துவருக்கு நான் உதவியாளன். தோட்டத்தில் வேலை செய்த லெட்சுமியின் இரண்டு பிள்ளைகள் ஏழாம் மாதமே பிறந்து இறந்திருந்தன. இப்போது மறுபடி அவளுக்கு ஆறாம் மாதம்.

“காட்டுல உள்ளவங்களுக்குச் சம்சு சாராயமா?” காவலர் மூடியில் கை வைத்தார். திறந்தால் வெளிக்கிருமி புகுந்து சோதனை கெடும். சோதனைக்கு நின்ற பெண்கள் முன்னால் உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சம்.

பால்வெட்டுக்குப் போகும் அந்தப் பெண்கள் வரிசையிலிருந்து லெட்சுமியே கத்தினாள்: “அண்ணே, குடிச்சிராதீங்க லா! அது என் மூத்திரம்!”

வாசலே சிரித்தது. காவலர் சிரித்தபடி மலாக்கா லாரியில் என்னை ஏற்றிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது போத்தலில் கிருமி இருந்தது. மருந்து கொடுத்தோம். அந்த வாசல் சிரிப்போடு என் கூச்சம் போயிற்று.

பத்தாம் மாதம் லெட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை ஏழு பவுண்டு.