பச்சைக் கோட்டுத் துப்பறிவாளர்

உலகத்தில் ஒருவருக்கும் பயன்படாத விஷயங்கள் எனக்கு நிறையத் தெரியும். சின்ன வயதில் நான் படித்த சித்திரக்கதைகளில் ஒரு துப்பறிவாளர் வருவார். அவருடைய கைக்கடிகாரம் மூன்றாம் பக்கத்தில் இடது கையில் இருக்கும், ஏழாம் பக்கத்தில் வலது கைக்குப் போய்விடும். மீசையோடு ரயிலில் ஏறி மீசையில்லாமல் இறங்குவார். இடையில் சவரம் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. அவருடைய நாய்க்கு ஒரு கதையில் பதினாலாம் பக்கத்தில் மட்டும் வால் இல்லை. வரைந்தவர் மறந்துவிட்டார் போலும். நான் மறக்கவில்லை. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் காலம் தள்ளிவிட்டு இப்போது எங்கள் தீவுக் கிராமமான சுருவிலில் சும்மா இருக்கிறேன். கந்தோரில் செய்த வேலை பாதி மறந்துபோயிற்று, நாயின் வால் மறக்கவில்லை.

என்னைப் போன்ற பைத்தியங்கள் சென்னையிலும் கனடாவிலும் இருக்கிறார்கள் என்பதை வட்ஸ்அப் வந்த பிறகுதான் அறிந்தேன். அப்படி ஒரு குழுவில் தினமும் யாராவது ஒரு கேள்வி போடுவார்கள். போன ஆவணியில் ஒருநாள் வந்த கேள்வி: நம் துப்பறிவாளரின் கோட்டு என்ன நிறம்?

மற்றவர்கள் யோசிக்கும் முன்பே நான் எழுதினேன்: "பச்சை. சந்தேகமே வேண்டாம்."

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மதுரைக்காரர் ஒருவர் தன்னிடம் இருந்த பிரதியை அட்டை முதல் கடைசித் தாள் வரை படமெடுத்து அனுப்பினார். அட்டையில் கோட்டு நீலம். உள்ளே முழுவதும் மலிவுத் தாளில் வெறும் கறுப்பு மை. "உங்கள் தீவுக்கு மட்டும் தனியாக அச்சடித்தார்களா, சார்?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வால் இல்லாத நாய் உட்பட ஒவ்வொரு பக்கமும் எனக்குத் தெரிந்த பக்கம்தான். பச்சையை மட்டும் காணவில்லை.

சிறிது நேரத்தில் கோபம் இறங்கி, பயம் ஏறியது. ஏனென்றால் அந்தப் பச்சையை நம்பி நான் ஒருவனைக் கள்ளன் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அப்பாவுக்குத் தெற்கே ஒரு சிங்கள ஊரில் கடை. வருடத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் சவர்க்காரத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் எனக்குச் சித்திரக்கதைகள் இருக்கும். எனக்குப் பதினொரு வயதில் அப்படி வந்த ஒன்றை, பக்கத்துத் தீவிலிருந்து பஸ்ஸில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் இறுப்பிட்டிப் பையன் ஒருவனுக்கு இரவல் கொடுத்தேன். அது வரும்போதே அட்டை கிழிந்துபோன புத்தகம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பச்சைக் கோட்டு. ஒரு கிழமை கழித்து அவன் திருப்பித் தந்தபோது கோட்டு சிவப்பாக இருந்தது.

"என்ரை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறை ஒண்டைத் தாறாய்! கள்ளன்!" என்று கத்தினேன்.

"இது உன்ரை புத்தகம்தானடா," என்றான். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் புத்தகத்தை அவன் மேல் வீசி எறிந்தேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை அவனுக்குக் 'கோட்டுக் கள்ளன்' என்றுதான் பெயர். பிறகு யுத்தம், இடப்பெயர்வு எல்லாம் முடிந்து இருவரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம். செத்த வீடுகளிலும், நயினாதீவுக்குப் படகு ஏறக் காத்துநிற்கும் குறிகட்டுவான் துறையிலும் எப்போதாவது காண்போம். அவர் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். மன்னித்துவிட்ட பெரிய மனிதன் என்ற நினைப்பில் ஆட்டினேன்.

நோர்வேயில் இருக்கும் அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். அப்பா கொண்டுவரும் புத்தகங்களை எனக்கு முன்னே புரட்டுவது அவள்தான்.

"ஓம், நான்தான் பூசினனான்," என்றாள், இதில் என்ன அதிசயம் என்பதுபோல. "அம்மா பெட்டி இழைக்கப் பனையோலைக்குச் சாயம் அவிச்சால் மிஞ்சின தண்ணியை ஏன் ஊத்துவான்? ஈர்க்கிலை பஞ்சைச் சுத்தி, நீ பள்ளிக்கூடத்தாலை வரமுன்னம் பூசி முடிச்சிடுவன். எல்லாப் புத்தகமும் அப்பிடித்தான். உனக்கு இவ்வளவு நாளும் தெரியாதே?"

தெரியாது. கோட்டுக்கு வெளியேயும் பச்சை வழிந்திருந்ததை அந்தக் காலத்து அச்சகத்தின் கோளாறு என்று நினைத்திருந்தேன். ஒரு கதையில் குதிரைகள் எல்லாம் ஊதா நிறமாக இருந்ததற்குக்கூட ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தக் கிழமை அம்மா என்ன சாயம் அவித்தாரோ அதுதான் எங்கள் வீட்டு வீரர்களின் நிறம். அப்படியென்றால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்திருக்கும்? இறுப்பிட்டியிலும் பனை இருக்கிறது. அங்கேயும் வீட்டுக்கு வீடு பெட்டி இழைத்தார்கள்.

மறுநாள் காலை வங்களாவடியில் பஸ் ஏறினேன். கடலுக்கு நடுவே இரண்டு தீவுகளையும் இணைக்கும் தாம்போதித் தெருவில் சோளகக் காற்று கடல்நீரை அள்ளி யன்னலால் முகத்தில் எறிந்தது. கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே போனேன்.

இறுப்பிட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி அப்போதுதான் வந்துபோயிருந்தது. அவர் தன் வீட்டு முற்றத்தில் நின்று வாளிகளை மூடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரும். என்ன, இந்தப் பக்கம்?"

வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த பீடிகை ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தப் புத்தகம் எப்பிடிச் சிவப்பானது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். எந்தப் புத்தகம் என்று கேட்கவில்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பொலித்தீன் பையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நீர் தந்த அண்டைக்கு பஸ்ஸிலை யன்னல் கண்ணாடி இல்லை. தாம்போதியிலை அடிச்ச தண்ணியிலை பச்சை முழுக்கக் கரைஞ்சு போச்சு. நான் அழுதுகொண்டு வீட்டை போனன். அங்கை அண்டைக்குச் சிவப்புச் சாயம். அம்மாதான் பூசித் தந்தவ."

நான் புத்தகத்தை விரித்தேன். சிவப்புக் கோட்டு மங்கிப்போயிருந்தது. கம்பி குத்திய நடு மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீரும் போகாத, பிறகு பஞ்சும் போகாத இடத்தில் நூலளவு பச்சை இருந்தது. அக்கா பூசிய பச்சை. என் புத்தகம்தான்.

"இடம்பெயரேக்கையும் இதைக் கொண்டு போனனீரே?"

"காணி உறுதிப் பத்திரத்தோடை சேத்துக் கொண்டு போனனான். நான் களவெடுக்கேல்லை எண்டதுக்கு என்னட்டை வேறை என்ன இருக்கு?"

எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. "ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்ல வாயெடுத்தனான். அதுக்குள்ளை எறிஞ்சுபோட்டீர். பிறகு, நீர்தானே எல்லாத்தையும் துருவித் துருவிக் கேக்கிற ஆள், இதையும் ஒருநாள் கேப்பீர் எண்டு பாத்தன். குறிகட்டுவானிலை காணேக்கை எல்லாம் பாத்தன்."

பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளும் என்று சொன்னேன். கேட்க அவரும் சொல்ல நானும் இருக்கும்போதே சொல்ல முடிந்தது. அவர் இன்னொரு கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதிலை ஒரு பக்கத்திலை நாய்க்கு வால் இல்லை," என்றார். "எந்தப் பக்கம், சொல்லும் பாப்பம்?"

"தெரியாது," என்றேன். "முதலிலை இருந்து பாப்பம்."