பந்தல்குடி ரோட்டுச் செடி ஆஸ்பத்திரி

செடி விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் என்னவென்றால், விற்ற சரக்கு என்றைக்காவது ஒருநாள் கடைக்குத் திரும்பி வரும். வரும்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் முகமும் அப்படியேதான் இருக்கும்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற ரோட்டில், லாரிகள் கிளப்புகிற புழுதிக்கு நடுவில், பச்சை வலை கட்டி ஒரு நர்சரி நடத்துகிறேன். பின்பக்கம் வேப்பமர நிழலில் ஒரு வரிசைத் தொட்டிகள் தனியாக இருக்கும். வாடினது, வதங்கினது, பூச்சி பிடித்தது எல்லாம் அங்கேதான். என் வீட்டுக்காரர் விளையாட்டாக அதற்கு ஆஸ்பத்திரி என்று பேர் வைத்தார். அந்தப் பேர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது புதுச்செடி வாங்க வருகிறவர்களைவிட வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். மருந்து ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அரிசி கழுவின தண்ணீர், அடுப்புச் சாம்பல், வேப்பெண்ணெய், டீத்தூள், முட்டை ஓடு. மணி பிளான்ட்டைக்கூடச் சாகடித்துவிட்டோமே என்று உங்களில் யாராவது வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால், கவலைப்படாதீர்கள். உங்களுக்கு முன்னால் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரோஜா குடித்த டீ

வீரசோழனிலிருந்து மும்தாஜ் என்று ஒரு பெண் வருவாள். அவளுடைய ரோஜா மொட்டு விடாமல் முறைத்துக்கொண்டு நின்றது. டீ போட்டு வடிகட்டின தூளை மண்ணில் போட்டுக் கிளறிவிடு, நல்ல உரம் என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நாளில் தொட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். தொட்டியைப் பார்த்தால் மண்ணே தெரியவில்லை, அவ்வளவு எறும்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டாராம்.

தப்பு என் பேரிலும் கொஞ்சம் இருக்கிறது. நம் வீடுகளில் பால், சீனி, தூள் மூன்றையும் ஒன்றாகக் கொதிக்க வைத்துத்தானே டீ போடுகிறோம்? அந்தத் தூளை அலசி, வெயிலில் காயவைத்துப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். மேல்மண்ணை வழித்துப் போட்டுவிட்டுப் புது மண் வைத்துக் கொடுத்தேன். "சீனி போட்டுக் கொதிக்கவச்ச தூள அலசாம அப்படியேவா போடுவ?" என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "சீனி இல்லாத டீயை எங்க வீட்ல யாருமே குடிக்க மாட்டாகக்கா. ரோசாவுக்கு மட்டும் எப்படிக் குடுக்கன்னு நெனச்சேன்."

மிஷின் கழித்த தண்ணீர்

எங்கள் சர்ச்சில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை எல்லோரும் ஐயரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்க மாட்டார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அது ரத்தத்திலேயே ஊறினதுதான். அவர்கள் வீட்டுக் குரோட்டன்ஸ் எல்லாம் ஓரம் கருகி, நெருப்புப் பட்டதுபோல் ஆகிவிட்டது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். ரொம்பப் பெருமையாக, குடிதண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷினின் கழிவுக் குழாயை அப்படியே தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

நம் பக்கத்து போர்த் தண்ணீர் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்த உப்பை எல்லாம் பிரித்து, இன்னும் கெட்டியாக்கித்தான் மிஷின் அந்தக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. அதைச் சொல்லிவிட்டு, நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியாக வடிகிற மட்டும் ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள், பிறகு ஏசியில் சொட்டுகிற தண்ணீரையும் அரிசி கழுவுகிற தண்ணீரையும் பிடித்து வைத்து ஊற்றுங்கள் என்றேன். ஐயரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்: "அப்ப நல்லத நாங்க குடிச்சுக்கிட்டு, கெட்டத அதுகளுக்குக் குடுத்துருக்கோம். இத வச்சு ஐயரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பிரசங்கமே பண்ணிரலாம்."

பரளச்சிக்காரர்

பரளச்சியிலிருந்து வேலுச்சாமி ஐயா முதல்முறை வந்தபோது, பஸ்ஸில் தொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் வேட்டியெல்லாம் சேறு. கொத்தமல்லியும் பருத்தியும் போடுகிற மானாவாரிக்காரர். தொட்டியில் மணி பிளான்ட், இலை முழுக்க மஞ்சள். அவருடைய மகள் முத்துச்செல்வி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப் போனது. "அவுக அம்மாகிட்டக்கூடக் குடுக்கல தாயி. 'அப்பா, நீங்கதான் பாத்துக்கிறணும்'னு எங்கையிலதான் குடுத்துட்டுப் போனா. இது போயிருச்சுன்னா அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

தொட்டியைக் கவிழ்த்தேன். சகதி. வேர் அழுகி வாடை அடித்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். செடியைக் கொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது என்று நன்றாக ஏசினேன். அழுகினதை வெட்டி, வெட்டின இடத்தில் சாம்பல் தொட்டு, மணல் கலந்த மண்ணில் வைத்துக் கொடுத்தேன். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும்தான் தண்ணீர் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "வானத்தப் பாத்தே காலம் தள்ளுனவன் தாயி. கைக்குப் பக்கத்துல தண்ணி இருக்கையில, காஞ்ச மண்ணப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க மனசு கேக்கல."

டீசல் வைத்தியம்

பந்தல்குடியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர், செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று வந்தார். வேப்பெண்ணெயில் ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுத் தண்ணீரில் கலக்கி, பஞ்சால் துடைக்கச் சொன்னேன். மறுவாரம் வெறும் குச்சியைக் கொண்டுவந்து நீட்டினார். வேப்பெண்ணெய் வீட்டில் தீர்ந்துவிட்டதாம். எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று டீசல் நனைத்த துணியால் இலை இலையாகத் துடைத்திருக்கிறார். பூச்சி போய்விட்டது என்பதில் அவருக்கு முழுத் திருப்தி. இலையும் போய்விட்டதே என்று கேட்டேன். மனுஷன் அசரவே இல்லை: "எங்க பட்டறையில டீசலுக்குக் கேக்காத வியாதியே கிடையாதுக்கா. இதுதான் மொதத் தடவ."

கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன்

வேலுச்சாமி ஐயா திரும்ப வந்தார். அதே தொட்டி, அதே மஞ்சள், அதே சகதி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. மகள்தான், வீடியோவில். "அப்பா, செடியக் கிட்டக்கக் காட்டுங்க, அந்த இலையத் திருப்புங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, இவர் போனைத் தொட்டிக்குள் விடாத குறையாகக் காட்டினார். செடியில் ஆரம்பித்த பேச்சு அவள் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் போய், மேனேஜரோடு போட்ட சண்டைக்குப் போய், ஊரில் மழை உண்டா என்பதற்கு வந்து நின்றது. செடி சாகக் கிடக்கிறது, மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர் பேசி முடிப்பதற்குள் நான் ரெண்டு பேருக்குச் செடி விற்றுவிட்டேன்.

செடியை இந்தமுறை அவரிடம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டேன், தேறினபிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. போனைத் துண்டால் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "முன்னெல்லாம் 'சாப்ட்டீங்களாப்பா'ம்பா. சாப்ட்டேன்னதும் 'அம்மாட்டக் குடுங்க'ம்பா. எனக்கும் அவளுக்கும் அம்புட்டுத்தான் பேச்சு."

குணமானதில் ஒரு குறை

செடி தேறி, வீட்டுக்குப் போய், ஒரு மழையும் கழிந்தபிறகு அவர் தொட்டியோடு மூன்றாம் முறை வந்தார். தொட்டியைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இலைகள் கை அகலத்துக்குப் பளபளவென்று தொங்குகின்றன. அவர் முகம்தான் வாடிக் கிடந்தது. என்ன குறை என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்ல தாயி. அதான் வந்தேன்" என்றார். மகள் போன் பண்ணினாளாம். ஒரு தடவை பார்த்துவிட்டு, "சூப்பர்ப்பா, அம்மாட்டக் குடுங்க" என்றாளாம். அதோடு சரி. தொட்டியைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார், இதைச் சாகடிக்காமல் லேசாக வாடவைக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்று. "மொதத் தடவ தெரியாமத்தான் தாயி ஊத்துனேன். ரெண்டாந் தடவ தெரிஞ்சேதான் ஊத்துனேன்."

ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. இத்தனை காலத்தில் செடியைப் பிழைக்க வைக்கத்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வேப்பமரத்தடிக்குப் போய், நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்த ஒரு நந்தியாவட்டையைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். நல்லா இருக்கிறதைக் கெடுக்காதீர்கள், இதைக் கொண்டுபோங்கள், இது தேறக் காலம் ஆகும் என்றேன்.

தொட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பச்சை வலைக்குள் நின்றபடியே, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, அவராகவே மகளுக்கு வீடியோ போன் போட்டார். "செல்வி, இந்தா பாரு, இன்னொண்ணு கொண்டாந்துருக்கேன். இதுக்கு என்ன பண்றதுன்னே எனக்கு விளங்கல" என்றார். அந்தப் பக்கம் ஆபீஸ் சத்தம். அவசரமாக இருக்கிறாள் போலிருக்கிறது, வைத்துவிடப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவளோ எங்கேயோ எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு குரல் தெளிவாகக் கேட்டது: "அம்மாட்டக் குடுக்காதீங்கப்பா, நீங்களே சொல்லுங்க, நுனி இலையில இருந்து காட்டுங்க. தண்ணி மட்டும் நாஞ் சொல்லாம ஊத்தக் கூடாது, தெனமும் சாயங்காலம் நானே கூப்புடுறேன்."

செழித்து நிற்கிற செடிகளெல்லாம் விலை போகாமல் வரிசையில் காத்திருக்க, சாகக் கிடப்பது ஒன்று கிடைக்குமா என்று பரளச்சியிலிருந்து இன்னும் ரெண்டு அப்பாக்கள் கேட்டு வந்துவிட்டுப் போனதுதான் இப்போதைக்கு என் வியாபாரத்தின் நிலவரம்.