என் மாத்திரைக்கு வந்த மவுசு

எனக்கு முடக்குவாதம் என்று சொன்னால் புகுந்த வீட்டில் யாரும் மதித்ததே இல்லை. மலேரியாவுக்கென்று வந்து, பிறகு மூட்டுக்கும் கேட்கும் என்று கண்டுபிடித்த ஒரு மாத்திரையைப் பன்னிரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். "முப்பது வயசுல மூட்டு வலியாம். நல்லா நடிக்கிறா" என்று என் நாத்தனார் அரியலூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கொரோனா வந்தது. அதே மாத்திரை அதற்கும் கேட்கும் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கல்யாணப் பத்திரிகைகூட வைக்காத சொந்தமெல்லாம் போன் போட்டு, "கை வலி எப்படி இருக்குது?" என்று உருகியது. அடுத்த மூச்சில், "அந்த மாத்திரை ஒரு அட்டை கிடைக்குமா?"

நான் முடியாது என்றேன். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இல்லை என்று சொல்லத் தெரியாத மகராசன். மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்திருந்ததை எனக்குத் தெரியாமல் தானம் பண்ணிவிட்டார். டப்பாவைத் திறந்தால் ஒரே ஒரு அட்டை. பெரம்பலூரில் நான் ஏறாத மருந்துக்கடை இல்லை. எங்கேயும் "ஸ்டாக் இல்லக்கா."

"எங்க அக்காவுக்கும் ரெண்டு அட்டை. பால் வண்டியில குடுத்து வுட்டேன்" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

"நடிக்கிறவ மாத்திரை அவங்களுக்கு எதுக்காம்?"



இருந்த அட்டையும் தீர்ந்தது. சில வாரங்களில் விரல்கள் மடங்க மறுத்தன. காலையில் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ரவிக்கைக் கொக்கி மாட்டவும் தலை பின்னவும் அவரைத்தான் கூப்பிட்டேன். அவர் பின்னிய சடையோடு வாசல் பெருக்கக்கூடப் போக முடியாது. வலியில் அழுதேன், அழுதுகொண்டே அவரைத் திட்டினேன்.

பிறகு அந்த மாத்திரை கொரோனாவுக்குக் கேட்காது என்று அதே டிவி சொன்னது. ஊரடங்கு தளர்ந்து பஸ் விட்டதும் நாத்தனார் வந்து இறங்கினார். இரண்டு அட்டையும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மேலே விபூதி, குங்குமம்.

"வந்தா போட்டுக்கலாம்னு சாமி படத்துக்கிட்ட வச்சிருந்தேன். வரவே இல்ல. சாமி காப்பாத்திடுச்சு."

"உங்களக் காப்பாத்திடுச்சு அண்ணி" என்றேன்.

ஒரு அட்டையை எடுத்து அமுக்கினேன். கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி அமுக்கினேன். அட்டை கீழே விழுந்தது. நாத்தனார் என் விரல்களையே பார்த்தார். குனிந்து எடுத்து, குங்குமத்தை முந்தானையில் துடைத்து, மாத்திரையைப் பிதுக்கி என் வாயில் போட்டார். தண்ணீர்ச் சொம்பையும் அவரே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நெசமாவே வலிக்குதா?"

பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கேட்கிறார். அண்ணியைக் கேட்க நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ. வாய் நிறையத் தண்ணீர். தலையை மட்டும் ஆட்டினேன்.