இரண்டு கைகளும் இருந்த படம்

அந்தப் படத்தில் என் தம்பிக்கு இரண்டு கைகளும் இருந்தன. வலது கையில் தேசியக் கொடி. இடது கையில், வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிய ஓர் எலி. எலிக்கு எதிரி நாட்டுப் பட்டாளத் தொப்பி போட்டிருந்தார்கள். காலடியில் இன்னும் ஐந்தாறு எலிகள் தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்க மயங்கிக் கிடந்தன. பின்னால் மலை, மலைமேல் ஒரு பீரங்கி. பீரங்கிக்குப் பெரிய கண்கள் வைத்து, வாய் நிறையச் சிரிப்பும் வைத்திருந்தார்கள். எங்கும் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. மேலே தெலுங்கில் ‘சித்தூர் சிங்கம்’ என்று கொட்டை எழுத்து. அந்தப் படம் பத்திரிகையில் வந்த அன்று என் தம்பி வடக்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வரைந்தவரை நாங்கள் கார்ட்டூன் சார் என்போம். திருப்பதியில் ஒரு தெலுங்குப் பத்திரிகையின் பதிப்பு அலுவலகத்தில் நான் செய்திகளையும் படங்களையும் அடுக்கிப் பக்கம் கட்டும் வேலையில் இருந்தேன். தினமும் சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகப் பஸ்ஸில் போய்வருவேன். சார் கோயில் கைங்கரியக் குடும்பத்துக்காரர். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் மிஷன் கிறிஸ்தவர்கள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் எனக்கு ஒரு பங்கு தயிர்சாதம் தனியாக இருக்கும். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே சண்டை போட்டவரும் அவர்தான். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர் என்பதால் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகம்.

ஆயுதம் என்றால் சாருக்கு உயிர். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த துப்பாக்கிப் படங்களையும் டாங்கிப் படங்களையும் வெட்டிவெட்டி மேஜை டிராயரில் அடுக்கியிருந்தார். பீரங்கி வரைந்தால் குழலின் முனையில் எத்தனை துளை, சக்கரத்தில் எத்தனை ஆணி என்று பார்த்துப் பார்த்துப் போடுவார். எனக்குப் பக்கம் முடிக்க நேரமாகிக்கொண்டிருக்கும், அவர் ஓர் ஆணிக்காகப் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். ஆனால் எதிரில் இருக்கும் மனிதனுக்கு அந்த மெனக்கெடல் கிடையாது. அவன் எலி. இல்லாவிட்டால் நரி, பன்றி. இரும்பை உள்ளது உள்ளபடி வரைந்துவிட்டு மனிதனை இப்படி மாற்றுகிறாரே என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

ஒருநாள் கேட்டேவிட்டேன், பீரங்கிக்கு எதற்கு சார் கண் வைக்கிறீர்கள் என்று. பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார். “ஈட்டி காலத்துல குத்தறவனுக்கு எதிராளி மூஞ்சி தெரியும்மா. துப்பாக்கி வந்துது, கொஞ்சம் தள்ளிப் போயிட்டான். இப்போ பீரங்கி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கு, குண்டு அந்தப் பக்கம் போய் விழறது. சுடறவனுக்கு யாரு செத்தான்னே தெரியாது. அவனால பாக்க முடியல, அதான் நான் பீரங்கிக்குக் கண்ணு வெச்சுடறேன்.” கேட்கும்போது பெரிய ஞானம்போல இருந்தது. ஆனால் அவர் வைத்த எந்தக் கண்ணும் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்ததில்லை. கோடுகோடாகப் புள்ளி வைத்து வானத்தில் ஒரு வளைவு போடுவார், அதன் முடிவில் ஒரு ‘டமால்’. அதோடு சரி.

எல்லையில் மலைமேல் சண்டை நடந்த அந்தக் கோடையில்தான் தம்பிக்குக் கை போனது. செய்தி எங்கள் பத்திரிகைக்கு வந்ததும், கார்ட்டூனும் போட முடிவு செய்துவிட்டார்கள். நகலெடுக்க என் மேஜைக்குப் படம் வந்தபோது நான் சாரிடம் போய் நின்றேன். “சார், அவனுக்கு வலது கை இல்ல சார்,” என்றேன். நிமிர்ந்து பார்த்தவரின் கண் கலங்கியிருந்தது. “தெரியும்மா, நேக்குத் தெரியாதா? ஒரு கையோட போட்டா அது நியூஸ். நியூஸ் எழுத வேற ஆள் இருக்கா. கார்ட்டூன்ல நாம ஜெயிச்சுண்டே இருக்கணும்,” என்றார். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் ஆசிரியர் பக்கத்தைக் கேட்டு ஆளனுப்பிவிட்டார்.

தம்பி மூன்று மாதம் கழித்து வந்தான். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். என்னடா நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். “மழை அக்கா. குண்டுப் பெட்டி எறக்கிக்கினு இருந்தோம். வண்டி பின்னால உருண்டுக்கினு வந்துச்சி. பாறைக்கும் வண்டிக்கும் நடுவுல கை மாட்டிக்கிச்சி. அவ்ளோதான். ஒரு எதிரியக்கூட நான் கண்ணால பாக்கல.” அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தக் குளிரில், அந்த உயரத்தில், பெட்டி பெட்டியாகச் சுமந்தவன். ஆனால் ஊரில் இறங்கியதிலிருந்து எல்லாரும் எலிகளைப் பற்றித்தான் கேட்டார்கள். எத்தனை பேரைச் சாய்த்தாய், கையெறிகுண்டா, நேருக்கு நேரா என்று. அவன் வண்டி என்று ஆரம்பித்தால் அடக்கமாகப் பேசுகிறான் என்று முதுகில் தட்டினார்கள்.

இதில் முதல் ஆள் எங்கள் நைனா. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், யார் முன்னாலும் உரக்கப் பேசாதவர். மகன் வந்த பிறகு சாப்பிட உட்கார்ந்தால் அவனுடைய இடது பக்கமாகப் பார்த்து உட்காருவார். வலது பக்கம் திரும்பவே மாட்டார். கடைசிவரை அப்படித்தான். அந்த வருஷம் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தபோது, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பதிக்குப் பஸ் ஏறி, கார்ட்டூன் சாரைப் பார்த்து, அந்தப் படத்தைக் கெட்டி அட்டையில் பெரிதாகக் கலரில் வரைந்து வாங்கிவந்தார். பண்டிகைக்கு எங்கள் வீட்டுக் காணிக்கை அதுதான் என்றார். “அவன் படம் அவனுக்கே புடிக்கல நைனா,” என்றேன். “உனுக்கு இன்னா தெரியும், வுடு,” என்றார்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம். பூசணிக்காய், வேர்க்கடலை, கோழி, கேக் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள், அதைச் சபையாரே ஏலத்தில் எடுப்பார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு முறை ஏலம் விடச் சொல்வதும் உண்டு. ஒருவர் ஒரு பொருளை ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று தெரிந்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள், விலையை ஏற்றிக்கொண்டே போய்த் தாங்கள் எடுத்து அவருக்கே மரியாதையாகக் கொடுப்பார்கள். அதுதான் அன்பு காட்டும் முறை. என் தம்பிக்கு இது தெரியாததல்ல, அவனும் இதில் வளர்ந்தவன்தான். ஆனாலும் அன்று படத்தைத் தூக்கிக் காட்டியதும் முதல் ஆளாக இடது கையைத் தூக்கினான். எடுத்துக்கொண்டுபோய்க் கிழித்துப் போட வேண்டும், அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

சபை முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. பையனுக்குத் தன் படத்தின்மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துவிட்டார்கள். பட்டாளத்துக்காரனிடம் காசு வாங்குவதா என்று பின்வரிசையில் ஒருவர் விலையை ஏற்றிக் கேட்டார். தம்பி ஏற்றினான். அவர்களும் ஏற்றினார்கள். அவன் முகம் இறுகிக்கொண்டே போக, அதைப் பார்த்து இவர்களுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. பெண்கள் பக்கத்திலிருந்துகூட ஏற்றினார்கள். கடைசியில் நாலு குடும்பம் சேர்ந்து எடுத்தது. “ஒண்ணாந்தரம், ரெண்டாந்தரம்” சொல்லி முடிப்பதற்குள் தம்பி எழுந்து நின்று, “எனுக்கு அது வோணும்,” என்றான். ஏலம் விட்ட பெரியவர், “உனுக்குத்தான்பா, எல்லாம் உனுக்குத்தான். ஆனா வூட்ல மாட்டுனா நீ ஒருத்தன் பாப்ப. இங்க மாட்டுனா புள்ளைங்கல்லாம் பாக்கும்,” என்று சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நைனா அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில். படம் கண்ணாடிச் சட்டம் போட்டு ஞாயிறு பள்ளி நடக்கும் கூடத்தில் ஏறியது. மோதிக் கீழே தள்ளியிருந்தால் திருப்பி அடிக்கலாம், இப்படி அன்பைக் கொண்டுவந்து கொட்டினால் மனிதன் என்ன செய்வான்?

அவன் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தான். “படத்துல இருக்கிறது பொய்ங்க ஐயா. வண்டி உருண்டுதான் கை போச்சி.” அவர் அவன் தோளில் கைவைத்து, “எப்படிப் போனா என்னப்பா, நாட்டுக்குத்தானே போச்சு,” என்றார். பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் ஓட்டத் தேர்வுக்குப் போகும் பையன்கள் அந்தப் படத்தின் கீழ் நின்று ஜெபித்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அதன் பிறகு தம்பி கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்குப் பக்தி போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்தான். ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்தான், பூட்டிய ஆபீஸுக்கு எதிரில் யாரும் வராத கடை.

சாரிடம் பிறகு ஒரே ஒரு தடவை பேசினேன். அவர் ஓய்வுபெறும் நாளில், நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அந்தப் படத்தை இறக்கிவிடுவார்கள் என்றேன். “என் சர்வீஸ்லயே அதைத்தாம்மா ஜனங்க மாட்டி வெச்சிண்டிருக்கா. மத்ததெல்லாம் பஜ்ஜி மடிக்கப் போயிடுத்து,” என்றார். எழுதித் தரவில்லை. சில வருஷங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்துப் போனவரைக் குறை சொல்லாதே என்பார்கள் வீட்டில். நான் சொல்கிறேன். தன் படம் சுவரில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவனை அவன் ஊரிலேயே இல்லாதவனாக்கினார். நைனாவும் போய்விட்டார், அவரிடமும் இந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

சமீபத்தில் எல்லையில் மறுபடி குண்டு பறந்தபோது எல்லார் போனிலும் கார்ட்டூன்தான். இப்போது யாரும் பென்சில் சீவுவதில்லை, கேட்டால் எந்திரமே வரைந்து கொடுத்துவிடுகிறது. அந்த வாரத்தில் நான் தம்பி கடையில் உட்கார்ந்திருந்தேன். சபை வாலிபர் சங்கச் செயலாளர் ஆட்டோவில் வந்து இறங்கினான், கையில் செய்தித்தாள் சுற்றிய அந்தச் சட்டம். “கூடத்துக்குப் பெயிண்ட் அடிச்சோம்ணா. புதுசு மாட்டியாச்சி. இது பழைய மாடல் பீரங்கி, இப்ப எல்லாம் ட்ரோன்தானே. நீங்க ஆசையா கேட்டீங்களாமே, அதான் எடுத்தாந்தேன்,” என்றான். இத்தனை வருஷம் கெஞ்சியும் இறங்காதது, பீரங்கி பழசாகிவிட்டது என்று இறங்கிவிட்டது. புதுப் படத்தைப் போனில் காட்டினான். சிங்க முகம் வைத்த ட்ரோன்கள் வானம் முழுக்கக் கண்ணில் மின்னல் தெறிக்கப் பறக்கின்றன. கீழே புகை. தம்பி போனை வாங்கி விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகத் தேடிப் பார்த்தான். “இதுல ஆளே இல்லியே,” என்றான். “ட்ரோனுக்கு எதுக்குண்ணா ஆளு,” என்று சிரித்துவிட்டு அந்தப் பையன் போய்விட்டான்.

தம்பி சட்டத்தை மேஜைமேல் கவிழ்த்துப் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினான். கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தான். அட்டையை இடது கையால் பிடித்து இழுத்தான், அது மேஜைமேல் வழுக்கி நகர்ந்தது. தரையில் போட்டுச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்ததே தவிரக் கிழியவில்லை. ஓரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் கேட்காமல் அவனுக்கு எதுவும் செய்யக் கூடாது என்று அவன் வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் அட்டையை நீட்டினான்.

“அக்கா, அந்தப் பக்கம் புடி.”

பிடித்தேன். அவன் இழுத்தான்.